மசிக் கை, வெள்ளைக் கை

கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு ஓவியம் என்றால் காலண்டர்தான். ஜனவரி பிறந்ததும் மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் கொடுக்கிற முருகனும் லட்சுமியும் வருஷம் முழுக்கச் சுவரில் இருப்பார்கள். டிசம்பர் முடிந்ததும் தேதித் தாளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, படத்தை மட்டும் கண்ணாடி போட்டுச் சாமி அலமாரிக்குக் கொண்டுபோகிற வீடுகளும் உண்டு. அந்தப் படங்களுக்குப் பின்னால் கோவில்பட்டியில் கொண்டைய ராஜு என்று ஒருவர் இருந்தார், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், அவரும் அவரிடம் கற்றவர்களும் வரைந்து கொடுத்ததைத்தான் சிவகாசி அச்சகங்கள் ஊர் ஊராக அனுப்பின என்பதெல்லாம் மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாஸ்டர் என்றுதான் தெருவே கூப்பிட்டது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். உள்ளூர் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் பட்டறையில் சில காலம் அச்சோவியம் பழகியவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவே 1980-களின் கடைசியில் ஊருக்கே திரும்பிவிட்டார். சென்னையில் இருந்து வந்தவர், அதுவும் படித்த ஓவியர், காலண்டர் படங்களை இளக்காரமாகத்தான் பேசுவார் என்று அக்கம்பக்கத்தில் நினைத்திருக்க வேண்டும். அவர் பேசவில்லை. "ஒரே படம் அத்தனை வீட்லயும் மாட்டியிருக்குன்னா அது என்ன சும்மாவா? நான் பண்றதும் அதே வேலைதான். என்ன, என்னால இருபது முப்பதுக்கு மேல போட முடியாது, தோள்பட்டை விட்டுப் போயிரும்" என்பார்.

அந்த இருபது முப்பதை அவர் தனியாகப் போட்டு நான் பார்த்ததே இல்லை. அதற்குக் காரணம் அவருடைய பெருந்தன்மை என்று சிலர் இப்போது எழுதுகிறார்கள். பெருந்தன்மை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அச்சோவியம் அப்படிப்பட்ட வேலை. தைலவண்ண ஓவியர் கதவைச் சாத்திக்கொண்டு வருஷக்கணக்கில் உட்காரலாம். அச்சு போடுகிறவருக்கு மசி தடவ ஒரு ஆள், தாள் எடுக்க ஒரு ஆள், சக்கரம் சுற்ற ஒரு ஆள், காயப்போட ஒரு ஆள் வேண்டும். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க டிராயிங் மாஸ்டர் வருமானம் இடம் கொடுக்காது. கொல்லையில் மாடு கட்டியிருந்த கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கதவை அகலத் திறந்து வைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தோம். உள்ளே வாங்க என்று யாரும் சொல்லவில்லை. "இந்தத் தாளோட அந்த முனையைப் பிடி" என்றார், பிடித்தேன்.

கொட்டகைக்கு நடுநாயகமாக இருந்தது எச்சிங் பிரஸ். வெளியூரில் இருந்து வாங்க வசதி இல்லாமல், சென்னையில் அளந்து எழுதிக்கொண்டு வந்த குறிப்பை வைத்து, ஊர் லேத் பட்டறையில் செய்ய வைத்தார். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு இரும்பு உருளை. நடுவில் நகரும் ஒரு கனத்த தகடு. பக்கத்தில் கைப்பிடிச் சக்கரம். பிள்ளைகள் அதற்குக் கரும்பு ஜூஸ் மிஷின் என்று பேர் வைத்தோம், மாஸ்டரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார். செப்புத் தகட்டிலோ துத்தநாகத் தகட்டிலோ கீறிய கோட்டுக்குள் மசி தங்கியிருக்கும். ஈரத் தாளை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்தித் தள்ளினால்தான் மசி மேலே ஒட்டிக்கொண்டு வரும். அதற்கு அத்தனை அழுத்தம் வேண்டும். தாளுக்கும் உருளைக்கும் நடுவே விரிக்கிற ஃபெல்ட் கிடைக்காமல் பழைய கம்பளியை வெட்டிப் போட்டிருந்தார். லேத் பட்டறைக்காரர் சில நாள் கழித்து, தான் செய்த மிஷின் என்னதான் செய்கிறது என்று பார்க்க வந்தார். முதல் படம் உருளைக்கு அடியில் இருந்து வெளியே வந்து, தாளை ஓரத்தில் இருந்து மெதுவாகத் தூக்கியபோது அவர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் தானாகவே வந்து சக்கரத்தின் பல்லைச் சரிசெய்து, ஆட்டத்தைக் குறைத்துக் கொடுத்தார். அதற்குக் கூலி வாங்கவில்லை. படம் ஒன்று வாங்கிக்கொண்டார்.

அங்கே இருந்த ஒரே சட்டம் மசிக் கை, வெள்ளைக் கை. மசி தொட்டவர் தாளைத் தொடக் கூடாது, தாள் தொடுகிறவர் மசிப் பக்கம் போகக் கூடாது. உலகத்தில் எந்த அச்சுப் பட்டறையிலும் உள்ள ஒழுங்குதான் இது. ஆனால் எங்கள் ஊரில் சுத்தம், அழுக்கு என்று இரண்டு பக்கம் பிரித்தால் அது உடனே வேறு கணக்கில் போய் நிற்கும். ஆற்றங்கரைப் பக்கத்துக் குடியிருப்பில் இருந்தும் பிள்ளைகள் வருவார்கள். ஆரம்பத்தில் அவர்கள் தாமாகவே மசிப் பக்கம் போய் நின்றார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் தாமாகவே தாள் பக்கம் நின்றோம். யாரும் சொல்லவில்லை, அப்படி நின்றோம். மாஸ்டர் இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள், ஐந்து தாளுக்கு ஒரு முறை கை மாற வேண்டும் என்று சட்டத்தோடு ஒரு வாலைச் சேர்த்தார். ஐந்து தாள் ஆனதும் எல்லோரும் கொல்லைக்குப் போய் மண்ணெண்ணெயில் விரலைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து பக்கம் மாற வேண்டும். வேலை இதனால் பாதி வேகத்துக்கு விழுந்தது. ஒரு வீட்டில் இருந்து, எங்க பையனை இந்த எடுபிடிக்கா அனுப்புறோம் என்று சண்டைக்கும் வந்தார்கள். "அஞ்சு தாளுக்கு நானும்தாங்க கழுவுறேன்" என்று மாஸ்டர் கையைக் காட்டினார். அந்தப் பையன் அதற்கப்புறம் வரவில்லை. ஒரு சிலர் அப்படி நின்றுபோனார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

சாமான்களைப் பற்றிச் சொன்னால் நீளும், இருந்தாலும் சொல்லத்தான் ஆசை. லினோ என்கிற தரைவிரிப்புத் துண்டு சென்னையில் இருந்து எப்போதாவது வரும், பெரியவர்களுக்கு அது. பிள்ளைகளுக்குத் தேய்ந்த ஹவாய் செருப்பு. அடிப்பாகத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்தால் வெட்டுவதற்கு அதைவிட நல்ல ரப்பர் கிடையாது. வெட்டும் உளி கிழிந்த குடையில் இருந்து வரும். குடைக் கம்பியின் குறுக்கு வெட்டு தானாகவே ஒரு பள்ளமான வளைவாக இருக்கிறது. நுனியைச் சாணைக்கல்லில் தீட்டி, மரப்பிடியில் செருகினால் உளி தயார். மசி கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் இருந்து டப்பா அடியில் மிஞ்சியது. தாளைத் தேய்த்து அச்செடுக்க அவரவர் வீட்டு எவர்சில்வர் கரண்டியின் முதுகு. நல்ல படம் போடும்போது மட்டும் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதம் வெளியே வரும். அதை 1959 முதல் அங்கே செய்கிறார்கள். அந்தத் தாளை அவர் பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார் என்று அவர் மனைவி குறை சொல்வார். மண்ணெண்ணெய்தான் பெரிய பிரச்சினை. ரேஷனில் வருவது அடுப்புக்கே போதாது. தெருவில் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்கள், அதற்கு ஈடாகப் படம் கேட்டார்கள்.

சொல்லிக்கொடுப்பது என்று அவர் எதையும் நடத்தவில்லை. நேரம் கிடையாது, கட்டணம் கிடையாது, இன்றைக்கு இது பாடம் என்பது கிடையாது. தன் வேலையைச் செய்துகொண்டிருப்பார். சுற்றி இருப்பவர்கள் அதற்குள் எங்காவது நுழைய வேண்டும். பிற்பாடு நகரங்களில் எத்தனையோ பயிலரங்குகளுக்குப் போயிருக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு அழகான சின்னப் படத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொட்டகையில் முதல் சில மாதம் என் கையில் எதுவும் மிஞ்சவில்லை. தாளைத் தண்ணீரில் நனைத்து, பழைய வேட்டிக்கு நடுவில் வைத்து ஒற்றி, பளபளப்பு போய் வெறும் ஈரம் மட்டும் நிற்கிற பதத்தில் எடுக்கப் பழகினேன். அந்தப் பதம் கன்னத்தில் வைத்தால் தெரியும் என்பார் மாஸ்டர். இப்போதும் கன்னத்தில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

அவர் கொடுத்ததைவிட ஊரிடம் இருந்து எடுத்துக்கொண்டது அதிகமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எடுத்துக்கொண்டார் என்பதை நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன். பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டுகிறவர் ஒருவர் இருந்தார். சீர்ப் பாத்திரத்தின் விளிம்பில் பெண்ணின் பேர், மாப்பிள்ளை பேர், தேதி எல்லாவற்றையும் சின்ன உளியும் சுத்தியலுமாகப் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதுவார். ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டில் செப்புத் தகட்டு அச்சு தொடங்கியதே பொற்கொல்லர் பட்டறைகளில்தான். நகையிலும் பாத்திரத்திலும் வெட்டிய சித்திரத்தில் மசி பூசித் தாளில் எடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள். அதைப் படித்திருந்த மாஸ்டர் கையளவு செப்புத் தகட்டை எடுத்துக்கொண்டு பேர் வெட்டுகிறவரிடம் போனார். என்ன பேர் போடணும் என்று கேட்டாராம் அவர். பேர் வேண்டாம், மயில் போடுங்கள் என்றாராம் இவர்.

அந்தத் தகட்டுக்கு நாங்கள் மசி பூசினோம். முதலில் கெட்டி அட்டைத் துண்டால் மசியைக் குழிக்குள் இழுத்து நிரப்ப வேண்டும். அப்புறம் கஞ்சி போட்ட சல்லாத் துணியை உருண்டையாகச் சுருட்டி மேற்பரப்பைத் துடைக்க வேண்டும். கடைசியில் உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு ஒரே வீச்சில் வழிக்க வேண்டும். மேலே பளிச்சென்று செம்பு தெரியும், குழிக்குள் மசி அப்படியே நிற்கும். தாளில் வந்த மயிலின் ஒவ்வொரு புள்ளியும் மேலே எழும்பி, விரலால் தடவினால் தட்டுப்பட்டது. அத்தனை வருஷமாக எவர்சில்வர் பளபளப்பில் காணாமல் போய்க்கொண்டிருந்த அந்த மனிதரின் கை வேலை கறுப்பு மசியில் அப்பட்டமாகத் தெரிந்தது. எங்கே சுத்தியல் பலமாக விழுந்தது, எங்கே உளி சாய்ந்தது எல்லாமே. அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துக் கழுத்துப் பக்கத்தைக் காட்டி, "இங்க அவசரப்பட்டுட்டேன், இன்னொரு தகடு குடுங்க" என்றார்.

எதிர்வீட்டு அப்பாயி வந்தது வேறு காரணத்துக்கு. மண்ணெண்ணெய் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். கொடுத்ததற்குப் படம் வரவில்லை என்று கேட்க வந்தார். மாஸ்டர் மசி பூசிய கறுப்பு லினோவை அப்போதுதான் மேசையில் வைத்து உளியால் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார். வெட்டின இடம் வெள்ளையாக வரும், வெட்டாத இடம் கறுப்பாக வரும் என்று எங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க அவருக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. அப்பாயிக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சாணி தெளித்த கறுப்புத் தரையில் வெள்ளைக் கோடு இழுப்பது அவருக்கு விடிந்தால் எழுந்தால் உள்ள வேலை. "இங்க குடு" என்று உளியை வாங்கினார்.

கோலமாவு விரலில் இருந்து விழும். உளியைத் தள்ள வேண்டும். அந்த வித்தியாசம் பழக அவருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. தப்பினால் காலால் அழித்துவிட்டு மறுபடி போட முடியாதே என்ற கோபமும் இருந்தது. ஆனால் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டு அவர் சிக்குக் கோலத்தை வெட்டத் தொடங்கியபோது, லினோவைத் திருப்பித் திருப்பி வைத்து, உளியை அசைக்காமல் பலகையைச் சுழற்றினார். அது தேர்ந்த அச்சோவியர் செய்கிற வேலை. மாஸ்டர் என்னைப் பார்த்து, பார்த்துக்கொள் என்று கண்ணால் சொன்னார்.

அச்செடுத்தோம். கறுப்பில் வெள்ளைக் கோலம். எல்லோருக்கும் சந்தோஷம், அப்பாயி மட்டும் தாளை முறைத்துக்கொண்டிருந்தார். "சுத்து மாறிப் போச்சே தம்பி" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற கோலத்தைக் கண்ணாடியில் காட்டினால் அப்படியேதான் தெரியும். ஆனால் காற்றாடி சுழல்கிற வாக்கில் வளைந்து வளைந்து ஒரே பக்கமாகத் திரும்புகிற கோலங்கள் இருக்கின்றன. அச்சில் அவை எதிர்ப்பக்கமாகச் சுற்றும். மாஸ்டரே அதைக் கவனித்திருக்கவில்லை. எழுத்து திரும்பும் என்று எங்களை எச்சரித்தவர், கோலம் திரும்பும் என்று யோசிக்கவில்லை. சரி, தாளில் வரைந்து திருப்பிப் போட்டு நகலெடுக்கலாம் என்று அவர் கார்பன் தாளைத் தேடுவதற்குள் அப்பாயி அடுத்த துண்டில் புள்ளி வைத்துவிட்டார். மனசுக்குள்ளேயே கோலத்தைத் திருப்பி, நேராக எதிர்ச்சுற்றில் வெட்டினார். அச்சில் சரியாக வந்தது. அதற்கப்புறம் அந்தத் தெருவில் அவருக்கு இருந்த மரியாதையே வேறு.

இன்னொருவருக்கும் அந்தக் கண் இருந்தது. கல்யாணப் பத்திரிகை பிரஸ்ஸில் அச்சுக் கோத்துக்கொண்டிருந்த கம்பாசிட்டர் மாமா. ஈய எழுத்துகளைத் தலைகீழாகவும் இடவலமாகவும் வாசித்து வாசித்து, நேரான எழுத்தைப் படிப்பதைவிட வேகமாக அதைப் படிப்பார். 'கே' எழுதும்போது கொம்பை வலப்பக்கம் வைக்க வேண்டும் என்று நாங்கள் விரல் விட்டு யோசிக்கும் நேரத்தில் அவர் ஒரு வரியே லினோவில் எழுதிவிடுவார். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது, தும்பிக்கை வைத்த லை, னை எழுத்தெல்லாம் பெட்டியில் இருந்து ஒவ்வொன்றாகப் போனதை அவர் கதையாகச் சொல்வார். இடம் மிச்சம், வேலை மிச்சம், ஆனாலும் தும்பிக்கை எழுத்து அழகு என்பது அவர் கட்சி. 1990-களில் கம்ப்யூட்டரும் ஆஃப்செட்டும் வந்து, ஈய எழுத்துகள் கிலோக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போகத் தொடங்கின. அவருக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. அந்தப் பாதியைக் கொட்டகையில் கழித்தார். மாஸ்டரை அவர் மட்டும் 'நீ' என்று பேசுவார்.

தெருக் காலண்டர் யோசனை யாருடையது என்பதில் கடைசி வரை இரண்டு பேருக்கும் தகராறு. பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு லினோ. படத்துக்குக் கீழே தேதிக் கட்டங்களை மாமா ஈய எழுத்தில் கோப்பார். அச்சு, பிரஸ்ஸில் காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் மிஷினில். அந்த மிஷின் அப்போதே பெரும்பாலும் சும்மா கிடந்தது. முதலாளி ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சாவி கொடுத்தார். பிரஸ் பேரை அடியில் போட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

டிரெடிலில் லினோ போடுவது லேசுப்பட்டதல்ல. ஈய எழுத்தின் உயரம் ஒரு அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. துல்லியமாகச் சொன்னால் 0.918 அங்குலம். படமும் அதே உயரத்தில் நின்றால்தான் ரோலர் இரண்டுக்கும் சமமாக மசி தடவும். லினோவோ சில மில்லிமீட்டர் கனம். ஆசாரி மரப்பலகை இழைத்துக் கொடுத்தார், அதன்மேல் லினோவை ஒட்டினோம், பலகைக்கு அடியில் அட்டை, அதற்கடியில் தாள், பத்தாததற்குப் பீடிக் கட்டு லேபிள் என்று சேர்த்துச் சேர்த்து மாமா விரலால் தடவியே உயரத்தைப் பிடித்தார். ஒரு ஓரம் மங்கலாக விழுந்தால் அந்த ஓரத்துக்கு மட்டும் ஒரு துணுக்குத் தாள். வெயில் காலமாக இருந்திருந்தால் இன்னும் கஷ்டம். அந்தக் கால ரோலர் பசையும் கிளிசரினும் கலந்து வார்த்தது, சூட்டில் இளகிக் குழையும். நாங்கள் போட்டது கார்த்திகை மழையில். தாள் காயாமல் படுத்தியது.

ஜனவரிக்கு அப்பாயியின் கோலம். ஆகஸ்டுக்கு ஆடிப்பெருக்கில் காவிரிப் படித்துறை. வெற்றிலைக் கடைக்காரர் மகள் வெட்டியது, அதில் தண்ணீரை வெறும் கிடைக்கோடுகளால் காட்டியிருந்தாள், மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை. ஏப்ரலுக்கு ஒரு பையன் முழுக் கறுப்பில் ஒரு மெழுகுவர்த்திச் சுடரை மட்டும் வெட்டினான். கரண்ட் கட், பரீட்சை மாதம். பால்காரர் வீட்டில் இருந்து எருமை வந்தது. கறுப்பு மசிக்கு எருமையைவிடப் பொருத்தமான விஷயம் இல்லை. என் படம் ஜூன் மாதத்துக்கு, சைக்கிளில் போகும் பிள்ளைகள்; பரவாயில்லை ரகம். மிஷினை மிதித்தவர் பிரஸ்ஸின் பழைய டிரெடில்மேன், பேச்சே கிடையாது, தாள் மூடுகிற தட்டுக்கு நடுவில் கையை வைத்து எடுக்கிற வேகத்தைப் பார்த்தால் நமக்கு விரல் கூசும். மொத்தம் 150 பிரதி. அந்த வருஷம் எங்கள் தெருவில் மளிகைக் கடைக் காலண்டர் இரண்டாவது ஆணிக்குப் போனது.

இடையில் 1992 வந்துபோனது. பிப்ரவரி 18, மகாமகம். குளத்தில் நெரிசலில் ஐம்பது பேரளவில் இறந்தார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று சாயங்காலம் தொலைந்த ஆட்களைத் தேடி வந்தவர்கள் திண்ணை திண்ணையாக உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் அதை வரைவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஒரு பத்திரிகைக்காரர் கேட்டும் போனார். அவர் வரையவில்லை. ஒன்று மட்டும் செய்தார். அந்த வாரத்தில் இருந்து பிள்ளைகளுக்குப் பழைய செருப்பு வாங்குவதை நிறுத்திவிட்டார். லினோத் துண்டுகளையே சின்னதாக வெட்டிக் கொடுத்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

மற்ற ஊடகங்களையும் சொல்லிவிடுகிறேன். பத்திக் ஒரு கோடை முழுக்க ஓடியது. துணியில் உருக்கிய மெழுகைத் தூரிகையால் தீட்டி, சாயத்தில் முக்கி, மெழுகு விழுந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல் நிற்கிற வித்தை. 1966-ல் பணிக்கர் தலைமையில் சோழமண்டல ஓவியர் கிராமம் தொடங்கியபோது ஓவியர்கள் பத்திக்கும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் வயிற்றைக் கழுவினார்கள் என்று மாஸ்டர் சொல்வார். பெண்கள் நிறைய பேர் வந்தார்கள், சிலர் தலையணை உறை விற்றுக் காசும் பார்த்தார்கள். மெழுகு சுவாமிமலைப் பக்கம் சிலை வார்க்கிற ஸ்தபதி பட்டறையில் இருந்து வரும். எனக்குப் பத்திக் பிடிக்கவில்லை, காரணம் வெறும் சூடு. களிமண்ணும் நடந்தது, அது பொம்மைகளாக நவராத்திரியில் கொலுப்படி ஏறி முடிந்துபோனது.

திராவக வேலைக்குப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார். துத்தநாகத் தகட்டில் மெழுகும் தாரும் பிசினும் கலந்த பூச்சைப் பூசி, ஊசியால் கீறி, நைட்ரிக் அமிலத்தில் மிதக்கவிட்டு, கீறலில் கிளம்புகிற குமிழிகளைக் கோழி இறகால் ஒதுக்கிக்கொண்டிருப்பார். பக்கத்தில் நிற்க நகை செய்கிற பத்தர் ஒருவருக்கு மட்டும் அனுமதி. திராவகத்தோடு காலமெல்லாம் புழங்கியவர் என்பதால், தண்ணீரில்தான் திராவகத்தை ஊற்ற வேண்டும், திராவகத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று மாஸ்டரையே அதட்டுவார். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்போம்.

அந்தத் தகடுகளில்தான் அவர் தன் சொந்த ஆசையைத் தீர்த்துக்கொண்டார். கிருஷ்ண ரெட்டியின் மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி. சித்தூர் மாவட்டத்தில் 1925-ல் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, சென்னை கலாக்ஷேத்ராவில் கற்பித்து, லண்டன் வழியாகப் பாரிஸ் போய், ஹேய்டரின் அட்டெலியே 17 பட்டறையில் ஒரே தகட்டில் பல நிறத்தை ஒரே அழுத்தில் எடுக்கிற முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். எண்ணெய் அதிகமான இளகிய மசியைக் கெட்டி ரோலரால் மேட்டில் தடவ வேண்டும். எண்ணெய் குறைந்த இறுகிய மசியை மென்மையான ரோலரால் பள்ளம் வரை இறக்க வேண்டும். இறுகினது இளகினதன் மேல் ஒட்டாமல் விலகிக்கொள்ளும். மாஸ்டரிடம் கெட்டி ரோலர் இருந்தது. மென்மையானதற்கு, டிரெடிலில் இருந்து கழித்த பசை ரோலரைக் கேட்டு வாங்கினார். அது சித்திரையில் தானாகவே தேவையான அளவுக்கு இளகிக் கொடுத்தது. அந்த ஒரு மாதத்தில் மட்டும்தான் அவரால் கலர் படம் போட முடிந்தது என்று நான் சொன்னால் சென்னை நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

அச்சோவியத்தில் அடியில் பென்சிலால் 3/20, 7/20 என்று எழுதுவார்கள். இருபதில் மூன்றாவது, ஏழாவது என்று கணக்கு. மாஸ்டரும் ஒழுங்காக எழுதிக் கையெழுத்துப் போடுவார். இதில் எது அசல் என்று டீக்கடைக்காரர் கேட்டார். எல்லாமே அசல் என்றதும், "அப்ப எனக்கு ஒண்ணு குடுங்க, உங்களுக்குத்தான் இன்னும் பத்தொம்பது இருக்கே" என்று 7/20-ஐ வாங்கிப் பாய்லருக்கு மேலே மாட்டினார். இப்படியே ஒவ்வொன்றாகத் தெருவுக்குள் போய்விட்டன. ஒரு சமயம் வெளியூர் கேலரியில் இருந்து ஒருவர் வந்து, ஒரு தொடரை முழுசாக வாங்கிக்கொள்கிறேன், ஆனால் எண்கள் விட்டுப்போகக் கூடாது என்றார். நல்ல விலைதான் சொன்னார். மாஸ்டர் வீடு வீடாகப் போய்க் கேட்டார். அவர் மனைவிக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. லேத் பட்டறைக்காரர் கொடுத்துவிட்டார், பத்தர் கொடுத்துவிட்டார். டீக்கடைக்காரர் மட்டும் அசையவில்லை. "அது அங்கயே இருக்கட்டும் மாஸ்டர், வர்றவங்க பாக்கறாங்க." வியாபாரம் முடியவில்லை. மாஸ்டர் அவரிடம் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் வேறு கடையில் டீ குடித்தார்.

மாஸ்டர் போய்ச் சில வருஷம் ஆகிறது. அதற்கு முன்பே கொட்டகை கார் நிறுத்துகிற இடமாகிவிட்டது, கரும்பு ஜூஸ் மிஷினைத் தெரிந்த ஓவியர் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார், நன்றாக ஓடுகிறதாம். ஓவியம் படிக்கிற பிள்ளைகள் சிலர் சேர்ந்து, தெருவில் இருக்கிற அவர் படங்களைத் திரட்டிக் காட்சி வைக்க வேண்டும் என்று என்னிடம் வந்தபோது கூடவே சுற்றினேன். எதிர்பார்த்ததைவிட நிறைய இருந்தன. செல்லரித்தவை, நிலைக்கதவுக்கு மேலே இன்னும் மாட்டியிருப்பவை, ஒரு வீட்டில் அரிசி டிரம்முக்கு மூடியாக இருந்தது ஒன்று. காலண்டரில் எட்டு மாதம் கிடைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

கல்யாண மண்டபத்தின் மாடியில் படங்களை மாட்டி முடித்து, அடியில் விவர அட்டை எழுதும்போதுதான் சிக்கல் வந்தது. பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் மாஸ்டர் பேரைப் போட்டிருந்தார்கள். கம்பாசிட்டர் மாமா எண்பதைத் தாண்டியவர், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்திருந்தார். ஜனவரித் தாளுக்கு முன்னால் நின்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இதை வெட்டினது அப்பாயி. எழுத்து நான் கோத்தது. மசி இந்தப் பொண்ணு" என்று என்னைக் காட்டினார். "பலகை ஆசாரி இழைச்சது. மிதிச்சவன் பேரு முதல்ல வரணும், அவன் இல்லாம ஒண்ணுமில்ல."

"அட்டையில இடம் பத்தாதுங்க தாத்தா" என்றான் எழுதிக்கொண்டிருந்த பையன். நாலு அங்குல அட்டை, ஏற்கெனவே மொத்தமாக வெட்டி அடுக்கியாயிற்று.

"பெரிசா வெட்டு" என்றார் மாமா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு. "நான் சொல்லச் சொல்ல எழுது. பிப்ரவரிக்கு வா."